துப்பும் வாளி

பகாவ் கிளப்பில் இன்றிரவு
ஐந்து வகைச் சாப்பாடு, ஐந்து வகை ஒயின்.
எனக்கு வெள்ளைக் கையுறை. வாளி என் பொறுப்பு.

ஸ்பெயினிலிருந்து அப்பாவும் இரண்டு மகள்களும்.
நாலு தலைமுறைக் கொடியாம், சுண்ணாம்பு மண்ணாம்,
மழையே அபூர்வமாம்.
இங்கே மழை நின்றால்தான் செய்தி.

மூத்தவள் கிளாஸைச் சுழற்றினாள், மோந்தாள்,
கொப்பளித்து
என் வாளியில் துப்பினாள்.
என் ஒருநாள் சம்பளம்
நுரையோடு விழுந்தது.

நெத்திலி சம்பாலுக்கு வெள்ளை சரியாக வந்தது.
இறாலுக்கு இளஞ்சிவப்பு, பரவாயில்லை.
மீன்தலைக் கறியிடம்தான்
மூன்று போத்தல் தோற்றது.
புளி யாருக்கும் வளையாதுடி என்று
அடுப்படியில் மரகதவல்லி அக்கா
கரண்டியோடு சிரித்தாள்.

கடைசியில் கருஞ்சிவப்பு.
ஆறு வருஷம் பீப்பாயில், மிச்சம் இருட்டில்.
தோல் வாசம் என்றார் மேனேஜர்.
டாக்டர் ஞானப்பிரகாசம் யோசித்து
அதையே திரும்பச் சொன்னார்.
சின்னவள் என் பக்கம் திரும்பி,
உங்களுக்கு? என்றாள்.

புகைக்கொட்டகை, என்றேன்.
ரப்பர் ஷீட்டு மூன்றாம் நாள் காயும்போது.

மேசை முழுக்கச் சிரிப்பு.
அவள் மட்டும் நோட்டைப் பிரித்து
இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்,
மெதுவாக.
பு. கை.

பதினொன்றரைக்கு விளக்கணைத்தார்கள்.
போத்தல்களை எண்ணிப் பூட்டினார்கள்.
வாளியை யாரும் எண்ணவில்லை.
பின்வாசல் செம்பனை அடியில் கவிழ்த்தேன்.
எந்த வருஷத்து அறுவடை என்று
அது கேட்கவில்லை.
மடமடவென்று குடித்தது.