கப்பல் மரம்

பிரட்டுக்கு முன்பே புகை.
பதினேழாம் நிரையில்
பால்மரம் நாலு முறிந்து கிடந்தது.
சண்டைக் கப்பல், ஆகாசத்தில் போவது, என்றார்கள்.

பச்சைச் சாயம் கருகி உரிந்த இடத்தில்
பழைய கம்பெனியின் நீலக் கோடு.
உள்ளே பூப்போட்ட திரைச்சீலை.
‘குழந்தைகளைச் சன்னலோரம் தனியே விடாதீர்கள்’
பலகையைப் படித்துச் சொன்ன கிராணி மரியதாஸ்
தொப்பியைக் கழற்றினார்.

சன்னலோரம் இருந்தவனுக்கு
மீசை முளைத்திருக்கவில்லை.
ஒட்டுப்பால் சாக்கால் மூடினோம்,
ஏழு பேரையும்.

பீடோர் பழைய இரும்புக்காரன்
மிச்சத்தை லோரியில் ஏற்றிப் போனான்.
சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணி ஒன்றை மட்டும்
ஒச்சம்மா
மங்கு உடைந்த மரத்தில் கட்டினாள்.

சின்னது.
பத்து மணிக்கெல்லாம் நிறைந்து
வேரில் வழிகிறது பால்.
நிறுவையில் குறைந்தால்
‘கப்பல் மரம்’ என்கிறாள்.
கிராணி
சம்பளத்தில் கை வைப்பதில்லை.