பிழை எண் 11,406

பிழைக்க வந்த ஊரில்
பிழை பார்ப்பதே பிழைப்பு எனக்கு.
மனாமா, சீஃப், ஒன்பதாம் மாடி.
சுவருக்குள் நடந்து போகிறவர்கள்,
கழுத்து முளைக்காத ஒட்டகங்கள்,
தண்ணீருக்கு அரை அடி மேலே நிற்கிற படகு,
எல்லாவற்றுக்கும் ஓர் எண் போடுவேன்.

முதல் வருஷம் அந்த விளையாட்டில்
ஒரு படகு, ஒரு கயிறு, இரண்டு பேர்.
பொத்தானை அழுத்தியிருக்கும்வரை
முத்துக்குளிப்பவன் மூச்சைப் பிடித்திருப்பான்.
விட்டால் கயிறு அசையும்,
மேலே இருப்பவன் இழுப்பான்.
அவ்வளவுதான்.
கணக்குப் பிரிவு ஜெரால்டின்
ஸ்டேப்ளர் கேட்டு வந்தவள்
உட்கார்ந்து நாற்பது நிமிடம் விளையாடினாள்,
தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.
ஸ்டேப்ளரை மறந்துவிட்டுப் போனாள்.
அதற்கு நான் எண் போடவில்லை.

பிறகு பணம் வந்தது.
பணத்தின் பின்னால் 'இதையும்' என்கிற சொல் வந்தது.
கரையில் ஒரு கடைத்தெரு, இதையும்.
தெருவில் இருநூறு பேர்,
ஆளுக்கொரு வீடு,
வேளைக்குப் பசி, இருட்டினால் தூக்கம், இதையும்.
ட்ரெய்லரில் ஒரு புயல் அடித்தது.
அப்படியொரு புயலை யாரும் செய்திருக்கவில்லை.
ஊரெல்லாம் கைதட்டிய பிறகு
செய்யச் சொன்னார்கள்.
மூன்றாம் வருஷம் எஞ்சினை மாற்றினோம்.
ஒரு கடலைக் கீழே கொட்டிவிட்டு
இன்னொரு கடலை நிரப்ப
பதினோரு மாதம்.

போதும் என்று சொல்ல ஆள் இல்லாமல் இல்லை.
வடிவமைப்பாளர் உபைத் சொன்னார்,
ஒரே ஒருமுறை, மெதுவாக.
அடுத்த மாதம் அவர் மேசைச் செடிக்கு
நான் தண்ணீர் ஊற்றினேன்.

அதற்கப்புறம்தான் இந்தப் பிழை.
அடியில் இருப்பவன் கயிற்றை அசைக்கிறான்.
இழுக்க யாருமில்லை.
நானும் வவுனியா தர்மினியும்
இரண்டு ராத்திரி துருவினோம்.
தேநீர் ஆறி ஏடு படிந்தது.
விடியும்போது அவள்தான் கண்டுபிடித்தாள்:
கயிறு பிடிப்பவனுக்கு இப்போது வீடு இருக்கிறது.
மாலை ஐந்தரை ஆனதும்
கயிற்றைப் பலகைமேல் வைத்துவிட்டு
கடல்மேல் நடந்து கரைக்குப் போகிறான்.
இரண்டு பேரீச்சம்பழம் தின்கிறான்.
படுத்துக்கொள்கிறான்.

அவன்மேல் குற்றமில்லை.
நாங்கள் கொடுத்த வாழ்க்கை அது.
சிரித்தோம். தர்மினிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது,
சிரிப்பு நின்ற பிறகும்.

எதிர்பார்த்தது: மேலே வர வேண்டும்.
நடந்தது: வரவில்லை.
எத்தனை முறை நிகழ்கிறது: ஒவ்வொரு முறையும்.

வியாழக்கிழமை. கூட்டம் பன்னிரண்டு நிமிடம்.
சந்தை என்றார்கள், திசை என்றார்கள்,
நன்றியை மூன்றுமுறை சொன்னார்கள்.
யார் குரலும் உயரவில்லை.
பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது.
கேன்சல் என்றார்கள் கடைசியில்.

இங்கே அந்தச் சொல் விசாவுக்கு உரியது.
'அவன் கேன்சலாம்' என்றால்
அட்டைப்பெட்டிக்கு நைலான் கயிறு வாங்கப்
போயிருக்கிறான் என்று அர்த்தம்.
அன்றைக்கு முதலில் ஒரு கடலுக்குச் சொன்னார்கள்.
பிறகு, வழக்கம்போல, ஆட்களுக்கு.
நூற்றுப் பதினாறு பேர்.

என் கணக்கை மூடுவதற்குள்
பிழைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
யாரோ ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள்.
சரிசெய்யப்படாது
சரிசெய்யப்படாது
சரிசெய்யப்படாது
என்று திரை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.
பதினோராயிரத்து நானூற்றாறில் கொஞ்சம் நின்றேன்.
அங்கே இன்னும் பகல்.
அவன் இறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

லிஃப்ட் வாசலில் ஜெரால்டின்.
எங்கள் எல்லாருடைய கணக்கையும் தீர்த்து
ஸ்டேப்ளர் அடித்த காகிதக்கட்டு அவள் கையில்.
மணியைப் பார்த்தாள்.
ஐந்தரை ஆச்சே, கிளம்பலையா என்றாள்.