பதினாறு சட்டை, ஒரு நிறம்

ஒரே நிறம்தான், என்றாள் தெல்மா.
இரண்டாவது நிறத்துக்குப் பணமில்லை.
பதினாறு சட்டை. அதில் பதினொன்று
என் அலமாரியிலேயே மிகப் பெரிய அளவு.

மொந்தேவீதேயோவின் இரவுப் பேருந்துகளை
ஓட்டுகிறவர்கள் இவர்கள்.
ஞாயிறு விடிந்ததும், தூங்கப் போகுமுன்,
பணிமனைக்குப் பின்னால் பந்து உதைக்கிறார்கள்.
இதுவரை ஜெயித்ததில்லை.
ஒருமுறை எதிரணி வரவே இல்லை;
அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று
இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.

என்ன படம் வேண்டும்?
ஓநாய், என்றார் மில்தோன்.
எல்லோரும் ஓநாய்தான் கேட்கிறார்கள்.
இந்த வருடம் மட்டும்
ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு,
இரண்டு மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கு,
விவாகரத்தான ஒருவரின் நாற்பதாம் பிறந்தநாளுக்கு.
நம் நாட்டில் ஓநாயே கிடையாதே, என்றேன்.
அதனால்தான், என்றார்.
இது சரியில்லை என்று யாரும் வந்து சொல்ல முடியாது.

வரைந்தேன்.
காதுக்கு இரண்டு முக்கோணம்.
கண்ணுக்கு, எதிரே வரும் பேருந்தின் விளக்குகள்.
வாயை மூடிவைத்தேன்:
பல் வரைந்தால் இடுக்கில் மை அப்பிக்கொள்ளும்
என்பது சொன்ன காரணம்.
இரவெல்லாம் குடிகாரர்களிடம்
பொறுமையாக இறங்கச் சொல்கிறவர்களுக்குப் பல் எதற்கு
என்பது சொல்லாதது.
கணினித் திரையில் அது நல்ல ஓநாய்.
அதுவரைக்கும் நான் பொறுப்பு.

மாதிரிக்கு ஒன்று அடித்தேன், இடது மார்பில்.
தாரியோ போட்டுப் பார்த்தார். கோல்கீப்பர்.
சும்மா நின்றாலே பாதி கோலை அடைத்துவிடும் உடம்பு.
வழக்கம்போல வெந்நீர் பிளாஸ்கை
இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மாத்தே குவளையைக் கையில் எடுத்தார்.
ஓநாய் போயிற்று.
பிளாஸ்கைக் கீழே வையுங்களேன், என்றேன்.
மூச்சை நிறுத்தச் சொன்னதுபோல் பார்த்தார்கள்.

வலது மார்பு? மில்தோன் இடக்கையர்,
அவர் பிளாஸ்க் அந்தப் பக்கம்.
முதுகு? அங்கே எண் போட வேண்டும்.
அப்படியானால் நடுவில், பெரிதாக.
சட்டத்தைக் கழுவி, மறுபடி ஒளி காட்டி,
மையை இழுத்தேன்.
உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு
தாரியோ தலைவழியே மாட்டினார்.

தட்டையாக வரைந்து பழகிய யாரும்
வயிற்றை நினைத்துப் பார்ப்பதில்லை.
இருபது வருட ஸ்டியரிங்கும்
நள்ளிரவு இறைச்சி வறுவலும்
சேர்ந்து உருட்டிய அந்தக் குன்றில்
ஓநாய் ஏறியது. ஏற ஏற
மூக்கு அகன்றது, காதுகள் பக்கவாட்டில் வழிந்தன,
மூடிய வாய்
ஒரு பெரிய சிரிப்பாக விரிந்தது.

யாரும் பேசவில்லை.
உலர்த்தியின் விசிறி மட்டும்.
ரசீதுப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
தெல்மா சொன்னாள்:
அது கடல் ஓநாய்.

கடற்சிங்கத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.
மீன்படகுகளின் அருகே வெயிலில் கிடக்கும்.
அதட்டினால் ஒரு கண் திறக்கும்,
எழுந்திருக்காது.
தாரியோ குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.
தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும் அவருக்கு.
இதுவும் ஓநாய்தானே, என்றார்.

மீசை மட்டும் சேர்த்தேன், பக்கத்துக்கு மூன்று கோடு.
காதைச் சுருக்கப் போனேன். மில்தோன் தடுத்தார்:
விடுங்கள், இழுபடும்போது தானே சரியாகிவிடும்.

பதினாறும் அடித்து முடிக்க இரவு பதினொன்று.
லிசார்தோ புதியவன், பயிற்சி ஓட்டுநர்,
கொடியில் போட்ட துணிபோல் உடம்பு.
அவன்மேல் அது நான் வரைந்தபடியே நின்றது:
காது விறைத்த, வாய் மூடிய,
மீசை வைத்த ஓநாய்.
எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.
அவன் கண்ணாடியைப் பார்த்தான்,
மற்றவர்களைப் பார்த்தான்,
இல்லாத வயிற்றை
முடிந்தவரை முன்னால் தள்ளினான்.

வரும், வரும், என்றார் தாரியோ,
குவளையில் நீரூற்றி அவனிடம் நீட்டி.

மீதிப் பணத்தைத் தெல்மா
சில்லறையாகவே எண்ணி வைத்தாள்.
பதினைந்து பெசோ அதிகம் இருந்தது.
திருப்பிக் கொடுத்தேன்.