மூன்றாவது தொட்டி

ஸ்பீட் என்று பெயர்தான்.
குவெல்ஃப் நகருக்குள் அந்த ஆறு
திங்கட்கிழமைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாய் நடக்கிறது.
கரையில் ஒரு மேப்பிள் விழுந்து கிடக்கிறது
இரண்டு வருடமாக, பட்டை பாதி கழன்று.
அதில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக
காதுகள்:
சாம்பல், காவி, மறுபடி சாம்பல்,
விளிம்பில் வெளிறிய ஒரு கோடு.

வான்கோழி வால், என்றான் சிவதர்சன்,
குனியாமலே.
எதையும் ஒரு பெயருக்குள் தள்ளிவிட்டுக்
கையைக் கோட்டுப் பைக்குள் விடுகிறவன்.
போலி வாலாகவும் இருக்கலாம், என்றேன்.
இரண்டில் ஒன்று.

மேலே பார்த்தால் தெரியாது,
கவிழ்க்க வேண்டும்.
அடியில் ஊசிக்கண் துளைகள் என்றால் அசல்.
வழுவழுப்பு என்றால் போலி.
எனக்குப் பழகிய வேலைதான்.
பிரேக் தட்டுகளில் மயிரிழை வெடிப்புத் தேடி
நாளுக்கு எட்டு மணிநேரம்
பத்து மடங்கு வில்லைக்குள்
ஒற்றைக் கண்ணால் வாழ்கிறேன்.
பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி.
வேறு தொட்டி கிடையாது.

வில்லையை வெளியே கொண்டுவரக் கூடாது.
கொண்டுவந்திருந்தேன்.

முழங்காலில் ஈரம் ஏற
ஒரு காதைக் கிள்ளிப் புரட்டினேன்.
தோல்போல வளைந்தது, உடையவில்லை.
டோர்ச்சைக் கிட்டப் பிடி.
துளை இல்லை.
வழுவழுப்பும் இல்லை.
சின்னச் சின்னப் பற்கள்,
ஒழுங்கில்லாமல், பூனைக்குட்டி வாய்க்குள் போல.
நடுவில் பழுப்பு. விளிம்புக்கு வர வர
ஊதா.
நாவற்பழம் தின்றுவிட்டு
தின்னவே இல்லை என்று சாதிக்கும் நாக்கின் ஓரம்.

அசலோ போலியோ,
கெதியாச் சொல்லு, குளிருது.

நான் மற்றக் கண்ணைத் திறக்கவில்லை.
செத்த மரத்தில், அதுவும் அடிப்பக்கத்தில்
இவ்வளவு ஊதாவை
யாருக்காக ஒளித்து வைத்தது என்று
கேட்க நினைத்தேன்.
மூக்கு ஒழுகியது.

காகித உறையில் வீட்டுக்கு வந்தது.
மூன்று இரவு புத்தகத்தைப் புரட்டி
ஊதாப்பல் என்று கண்டுபிடித்தேன்.
அகலிலை மரம், செத்தது, வரிசையாய் வளர்வது,
எல்லாம் பொருந்தியது.
அவனுக்குக் காட்ட உறையைத் திறந்தால்
காய்ந்து, சுருண்டு,
முழுக்கப் பழுப்பு.
எங்கே ஊதா, என்றான்.
கிண்டலில்லை, உண்மையாகவே தேடினான்.

திங்கட்கிழமை என் வரிசையில்
ஒரு தட்டு வந்தது.
வெடிப்பு இல்லை.
நல்லதென்று கைவிடவும் முடியாத
ஏதோ ஒரு நிழல், ஓரத்தில்.
பட்டி நகர்ந்துகொண்டிருந்தது.
வில்லையைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.
பின்னால் மணி அடித்தது.
இன்னும் கையில்தான் வைத்திருந்தேன்.