கதவுப் பயிற்சி

முதல் நாள் பத்து விநாடி.
கோட்டை மாட்டி, சாவியை எடுத்து,
வெளியே வந்து கதவைச் சாத்தி,
சுவரோடு ஒட்டி நின்று எண்ணினேன்.
ஏழு வரும்போதே உள்ளே ஊளை.
அழும்போது திறந்தால் அழுகைக்குக் கூலி கொடுத்ததாகிவிடும்,
மூச்சு வாங்கும் இடுக்கில் திற
என்றிருந்தாள் பயிற்சியாளர் வெல்டா.
அந்த இடுக்கு ஊசிக்காது அளவு.
இரண்டு தரம் தவறவிட்டேன்.

உட்கார் தெரியும் ரூட்ஸிஸுக்கு.
படு தெரியும்.
தட்டில் வைத்த ஈரல் துண்டை
எச்சில் நூலாக இறங்க இறங்க,
'ம்' என்னும் வரை தொடாமல் பார்த்திருக்கத் தெரியும்.
எல்லாம் என் மகன் ரைவிஸ் பழக்கியது.
ஆளில்லாத வீட்டில் சும்மா இருப்பதை மட்டும்
அவன் பழக்கவில்லை.
டப்ளின் விமானம் காலை ஆறேகாலுக்கு.
நாய் தூங்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.
எழுப்பினால் கஷ்டம் என்றான்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கீழ்வீட்டு ஜித்ரா கதவிடுக்கில் காகிதம் செருகுவாள்:
"நேற்று 8.10 முதல் 11.45 வரை."
வசவு இல்லை, கையெழுத்து இல்லை, நேரம் மட்டும்.
நானும் அப்படியே நோட்டுப் போட்டேன்.
இருபது விநாடி, சரி.
நாற்பது, சரி.
ஒரு நிமிடம், இடது செருப்பு போச்சு.
மறுபடியும் இருபது.

விடைபெறாதே என்றாள் வெல்டா.
கொஞ்சாதே, கண்ணைப் பார்க்காதே,
குப்பை கொட்டப் போகிறவள்போலப் போ.
எனக்கு முடியவில்லை.
வாசலில் ஒரு சொல்லாவது வேண்டும்.
போகிறேன் என்று வாயெடுத்தேன்,
நாக்கு ஒப்பவில்லை.
போய் வருகிறேன் என்றேன்.
ஒரு காது மட்டும் நிமிர்ந்தது.
அன்றிலிருந்து அதுவும் ஒரு கட்டளை:
உட்கார், படு, விடு, போய் வருகிறேன்.

ஜனவரி முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து
அரைச் சால்வை பின்னினேன்.
நாலாம் மாடிக்குக் கீழே ஆறாவது படி,
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் ஓடும் இடம்.
விளக்கு தானாக அணையும், கையை ஆட்டினால் எரியும்.
சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே
பிள்ளைகள் என்னைத் தாண்டி ஏறும்.
வீட்டுக்காரி வெளியே, நாய் உள்ளே,
யாருக்கம்மா பயிற்சி என்றார் தபால்காரர்.

பதினேழு நிமிடம்.
முப்பத்தொன்று.
பிப்ரவரி ஒன்பது: டிராம் ஏறி, ஆற்றோரச் சந்தைக்குப் போய்,
புகை போட்ட மீன் நாலு, கறுப்பு ரொட்டி பாதி,
ரீகா முழுவதும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றதுபோல நின்று,
திரும்பி வர
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
என் கதவருகே ஜித்ரா, முகம் வெளுத்து.
சத்தமே இல்லையே, செத்துகித்துப் போச்சா?
திறந்தேன்.
ஏறக் கூடாத சோபாவில்
நாலு காலும் வானம் பார்க்க
ரூட்ஸிஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.
நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றபடியே
மீனை விரலால் பிய்த்துத் தின்றோம், எழுப்பாமல்.

ஞாயிறு இரவு ரைவிஸ் அழைத்தான்.
கிடங்கில் ஆள் குறைவு, ஈஸ்டருக்கு முடியாது,
ஜூனில் பார்க்கலாம் என்றான்,
போன வருட ஜூனைச் சொன்ன அதே குரலில்.
நாயைக் காட்டச் சொன்னான்.
போனைத் தாழ்த்திப் பிடித்தேன்.
உட்கார், ரூட்ஸிஸ். உட்கார்டா.
அது திரையைப் பார்க்கவே இல்லை.
எழுந்து, நகம் தரையில் தட்டத் தட்ட நடந்து,
வாசல் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது,
நான் பழக்கிய விதத்தில்,
முதுகு நேராக, சத்தமில்லாமல்.
உட்கார்ந்தானா அம்மா?
உட்கார்ந்துவிட்டான் என்றேன்.

அன்றிரவு நோட்டில் தேதி போட்டேன்.
நேரம் எழுதும் இடத்தை
வெறுமனே விட்டுவைத்தேன்.