அறுபத்தைந்து விழுக்காடு

கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி குருடாகிறது.
தோஹா, ஆகஸ்ட், இரவு பதினொன்றேகால்.
முகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களோடு
வாகன நிறுத்தத்தில் நிற்கிறேன்.
சட்டை என் முதுகைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது.
ருத்தூபா, என்கிறான் காவலாளி,
வானிலையைச் சொல்வதுபோல் அல்ல,
வந்து தங்கிவிட்ட மச்சானைச் சொல்வதுபோல்.

கிருபைராசா ஏற்கனவே வந்திருக்கிறார்,
மடியில் ஒரு பிஸ்கட் டப்பா.
உள்ளே விரலகலக் கண்ணாடித் துண்டுகள்,
சூரியத் தகடுகளுக்கு நடுவே ஒரு வாரம் கிடந்தவை.
சில மத்தியானம் எடுத்தவை, சில விடியலில்.
மத்தியானத் துண்டை ஊதினார். தூசி போய்விட்டது.
விடியல் துண்டை ஊதினார்.
ஊதினார்.
"பாருங்க மிஸ், இது இப்ப மண் இல்லை. தோல்."

கருவி அடித்தளத்தில் இருக்கிறது.
தலைமுடியை ஈராயிரமாய் வகிர்ந்தால்
ஒரு கூறின் பருமன் அதன் முனைக்கு.
நைட்ரஜனை நிரப்பி அறையை வறட்டினேன்.
முனை கண்ணாடியைத் தொட்டது, விலகியது,
பேருந்தில் தோள் இடித்துக்கொண்ட இருவர்போல.
இருபது விழுக்காடு. முப்பது. அதே கதை.
நாற்பதில்
திரையின் கோடு படியிலிருந்து தவறியதுபோல் குதித்தது.
தொடுவதற்குச் சற்று முன்பே
நீர் பிறந்திருக்கிறது அங்கே, இடுக்கில்,
யாரும் ஊற்றாமல், வெறும் காற்றிலிருந்து:
சில மூலக்கூறுகளே உயரம்,
இடுப்பொடுங்கிய ஒரு பாலம்.

இழுக்கிறேன். வரவில்லை.
நெம்புகோல் வளைகிறது.
இன்னும் வளைகிறது.
பட்.
அந்தப் பட்டென்பதை நானோநியூட்டனில் எழுத வேண்டும்:
ஏழு. பிறகு பதினொன்று.
அறுபத்தைந்து விழுக்காட்டில் பதினாறு.
இதை நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன்,
எழுபதோடு நிறுத்திக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறேன்.
அதற்கு மேல் உணரி புலம்பும், வரைபடம் அசிங்கமாகும்.

"இன்னும் நனைச்சா?" என்றார் அவர்.

எண்பது வைத்தேன்: பதின்மூன்று.
மறுபடி அளந்தேன், நம்பாமல்: பதின்மூன்று.
தொண்ணூறில் எட்டு.
பாலம் கொழுத்துவிட்டது, இடுப்பு போய்விட்டது,
உள்நோக்கி இழுத்த அந்தக் குழிவு தளர்ந்துவிட்டது.
நனைந்தால் பிடிக்கிறது.
மூழ்கினால் விட்டுவிடுகிறது.
எனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னேன்;
கொஞ்சம் பெருமையாகவும் இருந்திருக்கலாம்.

அவர் சிரிக்கவில்லை.
"ஒரு தகட்டுக்கு அரை லிட்டர்" என்றார்.
"சூப்பர்வைசர் அளந்து தாறவர்.
அரை லிட்டர்ல செய்யிறது கழுவல் இல்லை மிஸ்,
பசை கிண்டுறது.
கரண்டு குறைஞ்சா எங்கட சம்பளத்தில பிடிக்கிறாங்க."

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன்:
பனி இறங்குமுன் உலர்ந்த தூரிகை,
அல்லது நிறையத் தண்ணீர்.
இரண்டுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம்.
மேலாளரின் பேனா
எந்த வரியில் நின்று யோசிக்கும் என்பதும்
யோசித்தபின் எதை வெட்டும் என்பதும் தெரியும்.
தண்ணீர் இங்கே கடலை வேகவைத்து வாங்குவது.

இரண்டு மணிக்கு டப்பாவைத் திரும்பக் கொடுத்தேன்.
வெளியே திறந்தவுடன் அதற்குள்ளும் வியர்த்துவிட்டது.
கழுவிய இரண்டு துண்டுகள்
முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டன.
நகத்தைக் கொடுத்துப் பிரித்துப் பார்த்தேன்,
பதினாறு என்று எழுதிய அதே விரல்களால்.
"இழுக்கப்படாது" என்று வாங்கிக்கொண்டார்.
பெருவிரலால் மேல் துண்டை
மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளினார்.
வழுக்கிக்கொண்டு வந்தது, சத்தமே இல்லாமல்.

பக்கவாட்டு விசையை
நான் அளந்திருக்கவில்லை.