உப்பிட்டவர்

மழையில் ஒரு நாளும் நனையவிடாத சைக்கிள் அது.
போன நவம்பரில், ரயில் நிலையத்துக்கு எதிரே
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி என்னைச் சாய்த்தது.
மணிக்கட்டுக்குள் இரண்டு ஆணி.
அதன் பிறகு தாம்பரே நகரத்தின் தெருக்களை
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன்.

பின்சக்கரத்தைக் கழற்றி, ஒரு தாங்கியில் பூட்டி,
சோபாவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே நிறுத்தினேன்.
வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது;
உள்ளே நான் பனியன் பிழியப் பிழிய
ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் மிதித்தேன்.
சோபா அங்கேயே இருந்தது.

ஏப்ரலில் துடைக்கக் குனிந்தபோது கண்டேன்:
மேல்குழாயின் அடிவயிற்றில்,
பிரேக் கம்பி நுழையும் இடத்தில்,
பச்சைப் பெயின்ட் கொப்புளித்திருந்தது.
நகத்தால் தொட்டதும் அப்பளமாய் நொறுங்கி
செந்தூள் கொட்டியது தரைவிரிப்பில்.

கடைக்காரர் ஓஸ்மோ குவோப்பலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
'கடலோரமாக ஓட்டினாயா?'
கடல் இங்கிருந்து இரண்டு மணி நேரம்.
'ஹாலில் ஓட்டினேன்.'
கம்பியோரம் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை
விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார்.
எந்த மருத்துவரும் என்னை இத்தனை கிட்டத்தில் அறிந்ததில்லை.
'உப்பு' என்றார்.
என் காது மடல் சுட்டது.

மழையென்று பயந்தேன், பனியென்று பயந்தேன்,
சாலையில் நகராட்சி தூவும் உப்பென்று பயந்தேன்.
மூக்கு நுனியிலிருந்து சொட்டிய நான்
கணக்கில் வரவேயில்லை.

வியாழன் மாலை எங்கள் குடியிருப்பின் சௌனாவில்
எதிர்வீட்டு தைமி, மேல்வீட்டு ஹில்க்கா, நான்,
மூவரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து வியர்க்கிறோம்.
ஐம்பது வருடமாய் ஊர் வியர்வையைக் குடித்த பலகை
யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
இரும்புதான் போலிருக்கிறது.

ஓஸ்மோ இரண்டு யூரோ நாணயத்தால் குழாயைத் தட்டிக்கொண்டே போனார்.
டிங். டிங். டிங்.
துருவின்மேலும் டிங்தான்,
கொஞ்சம் தொண்டை கட்டிய டிங்.
'ஓட்டை விழவில்லை. தோலோடு சரி.
முழுசாகப் பெயின்ட் அடிக்க முந்நூறு கேட்பேன்,
சைக்கிளே அவ்வளவு பெறாது.'
சின்னப் புட்டியில் அமிலம் ஊற்றித் தந்தார்.

அடித்தள அறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு நடுவே,
இருக்கையை உருவிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.
குழாய்க்குள்ளிருந்து பழுப்பாக ஒரு மிடறு தண்ணீர்.
யாரும் வருவதற்குள் துடைத்துவிட்டேன்.

உப்பு செய்ததை உப்புத்தாளால் தேய்த்தேன்.
சிவப்பு போய்ப் பழுப்பு, பழுப்பு போய்ச் சாம்பல்,
கடைசியில் மீன்வயிறாய் மின்னியது எஃகு,
ஆனால் குழிகுழியாக, அம்மை கண்ட முகம்.
குழிகளில் அமிலத்தைத் தொட்டு வைத்தேன்.
மிச்சமிருந்த துரு ஒரே இரவில் கறுத்து அடங்கியது.
போனதா, பதுங்கியதா, தெரியாது.
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.
உள்ளே இருப்பது துருப்பிடிக்காத ரகம் என்று
ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அதே பச்சை எங்கும் கிடைக்கவில்லை.
தைமியின் மகள் தன் நகப்பூச்சைக் கொடுத்தாள்;
புட்டியின் அடியில் 'காட்டுப்பாசி' என்றிருந்தது.
மூன்று பூச்சு.
தள்ளி நின்று பார்த்தால் பட்டாணி.
இருக்கட்டும்.

மே மாதத்து முதல் ஞாயிறு.
ஏரியில் கடைசிப் பனிப்பாளம் கரையை இடித்துக்கொண்டிருந்தது.
பாலத்தைத் தாண்டும் முன்பே தூறல் பிடித்துக்கொண்டது.
பழக்கதோஷம், பிரேக்கை அழுத்திவிட்டேன்.
இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
மேல்குழாயில் விழுந்த துளி ஒன்று
விலாவழியே உருண்டு, பட்டாணிப் பச்சையில்
கொஞ்ச நேரம் தொங்கி, சொட்டியது.
நன்னீர்தான், என்றேன் அதனிடம்.
துடைக்கத் துணி பையில் இருந்தது.
ஏறி மிதித்தேன்.
மரங்கள் நகர்ந்தன.